பழைய எண் பதினான்கு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீ, உன் மனைவி, குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "ம்" கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. போன மாதம் அவ்வளவு நேரம் பேசினோமே, அதில் நீ சொன்ன ஒரே முழு வாக்கியம் "சார்ஜ் தீருது அக்கா" என்பதுதான். தாளில் "ம்" என்று எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் இனி கடிதம்தான்.

ஒரு நிபந்தனை. அப்பா மாதிரி "நலமே" என்று எழுதக்கூடாது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நமக்குப் போட்ட கார்டுகளில் எல்லாம் "நான் நலமே" என்றுதான் இருந்தது. வேலை போனபோதும் நலமே. உண்மையிலேயே நன்றாக இருந்த நாட்களில் வெறும் "நலம்" என்று எழுதி நிறுத்திவிடுவார். அந்த ஏகாரத்தைப் பார்த்தவுடன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். உனக்கும் ஞாபகம் இருக்கும்.

இங்கே நம் வீட்டு முன்சுவருக்கு வாழ்வு வந்திருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தாரே கதைக்காரர், நீ டவுசர் போட்ட வயதில் சிகரெட் வாங்கிக் கொடுப்பாயே, அவருக்கு நூறு வயதாகிறதாம். செத்த பிறகும் வயது ஏறுவது எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. நகராட்சியில் இதற்கென்று ஒரு நினைவில்லக் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எழுத்தாளர்கள் கூடிப் பேசிய டீக்கடை, மூடிக்கிடக்கும் அச்சகம், நூலகத்து வாசலில் உள்ள கல்பெஞ்சு, வழியில் படம் வரைந்த சுவர்கள் எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் நம் தெருவுக்கு வருவார்களாம். அதற்காக நம் சுவரில் கதைக்காரர் முகத்தைத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை வரைகிறாள் ஒரு பெண். சாரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறாள். மாடி ஜன்னல் அவருடைய காதுக்குப் பக்கத்தில் விழுகிறது. எதிர்வீட்டுச் சுவரில் இடமில்லை, நம் சுவர்தான் அகலம் என்று நினைத்து, சும்மா பெயிண்ட் அடித்துத் தருகிறார்களே என்று தலையாட்டிவிட்டேன்.

பதில் போடு. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் தபால்காரர் மணி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலமே. உன் முழங்காலை நினைத்தால்தான் கவலை. வெந்நீர் ஒத்தடம் கொடு. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறாதே.

க்ரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. இன்று இரண்டு கப்பல் காத்திருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது. கூண்டு அதிர்வதால் எழுத்து கோணலாக வரும், கண்டுகொள்ளாதே. குட்டி நன்றாகப் படம் வரைகிறாள். உன் சுவர் கதையைச் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அவருக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்குமே என்றாள்.

பெயிண்டர் பெண்ணோடு மல்லுக்கு நிற்காதே. குழுக்காரர்கள் படித்தவர்கள், நல்லதைத்தான் செய்வார்கள். ஏதாவது காகிதம் கொண்டுவந்தால் பதறாதே, கோபப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுத ஆசைதான். இந்த வாரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ சொன்ன காகிதம் வந்துவிட்டது. வரப்போவதை ஜோசியக்காரன் மாதிரி எப்படிச் சொன்னாய் என்று தெரியவில்லை. படம் முடிந்த மறுநாள் நாலு பேர் வந்து வாசலில் ஒரு பளிங்குப் பலகை பதித்தார்கள். "கதைக்காரர் இந்த வீட்டில் வாழ்ந்தார்" என்று அதில் வெட்டியிருக்கிறது. நான் சிரித்தேன். தப்பாக எழுதியிருக்கிறீர்கள், எதிர்வீடு என்று போடுங்கள் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார்கள். இந்த வீட்டை நினைவில்லம் ஆக்கப் போகிறார்களாம். நான் காலி செய்ய வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் ஜூன் 24 அன்று குழுவின் முன்னால் வந்து சொல்லலாமாம்.

குழுவின் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். கதைக்காரர் தன் கடிதங்களில் எல்லாம் முகவரி எண் பதினான்கு என்று எழுதியிருக்கிறார், அச்சில் வந்திருக்கிறது, உங்கள் வீடு எண் பதினான்கு, வேறென்ன வேண்டும் அம்மா என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நம் தெருவில் எண்கள் ஒரு சாரியில் ஏறிப் போய் மறு சாரியில் இறங்கி வரும். உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எந்தச் சாரியிலிருந்து தொடங்குவது என்பதை மாற்றினார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீடும் எதிர்வீட்டோடு எண்ணை மாற்றிக்கொண்டது. அதுவரை நாம் ஒன்பது, எதிர்வீடு பதினான்கு. அப்பா பலகையை அழித்துப் புது எண் எழுதும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நீதான். இதைச் சொன்னால், பழைய பதிவு எதுவும் இல்லை, ஆதாரம் கொண்டுவாருங்கள் என்கிறார்.

தெருவில் எல்லாம் புதிதாக வந்தவர்கள். பழைய ஆள் என்று மிச்சம் இருப்பது நானும் எதிர்வீட்டுக் கலெக்டரும்தான். அவள் எந்த ஊருக்கும் கலெக்டர் இல்லை, தெருவுக்கே உத்தரவு போடுகிறவள் என்பதால் நாம் வைத்த பெயர், மறந்திருக்க மாட்டாய். சாக்கடைத் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு அவளும் நானும் முகம் பார்ப்பதில்லை. என் பேச்சோ செல்லாது, நான் வீட்டுக்காரி.

எனவே நீதான். கதைக்காரர் எதிர்வீட்டு மாடியில் இருந்தார், எனக்குத் தெரியும் என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுது. வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நாம் இருவரும் கையெழுத்துப் போடாதவரை ஒரு செங்கல்லைக்கூட அசைப்பது கஷ்டம் என்று வக்கீல் சொன்னார். அது ஒன்றுதான் இப்போது என் தைரியம்.

இன்னொன்று. "நாங்கள் எல்லோரும் நலமே" என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லியும்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. துறைமுகத்தில் வேலை நெருக்குகிறது. ஏகாரம் கை தவறி விழுந்தது, அதற்கெல்லாம் அர்த்தம் தேடாதே. குட்டிக்கு லேசாகச் சளி, இப்போது சரியாகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ எழுதியதைப் படித்தேன். நான் அப்போது சின்னப் பையன். அவர் எந்த வீட்டில் இருந்தார் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை அக்கா. தப்பாக எதையாவது எழுதிக் கொடுத்துப் பிரச்சினையாகிவிடக் கூடாது.

ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராதே. அந்த வீட்டில் மழைக்கு ஒழுகுகிறது, படி செங்குத்து. லிஃப்ட் உள்ள இடத்தில் இரண்டு அறை கிடைத்தால் உனக்கு நல்லதுதானே? நீ தனியாக அங்கே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

க்ரேன் மேலிருந்து இன்று ஒரு பெரிய மீன் கூட்டத்தைப் பார்த்தேன். குட்டியிடம் சொன்னேன், வரைகிறாள்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

நான் நலம். என் கோபமும் நலம்.

ஞாபகம் இல்லையா உனக்கு? எதிர்வீட்டு மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், நீ அதில் சிகரெட்டைப் போட்டுக் கூடையை ஆட்டுவாய், அவர் இழுப்பார். ஒரு நாள் சிகரெட்டுக்குப் பதில் தவளையைப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அது எந்த வீட்டு மாடி? என் காதில் பூச்சுற்றாதே. ஞாபகம் இல்லை என்று எழுதும்போது உன் எழுத்து இன்னும் கோணலாக இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் க்ரேன் அதிகமாக ஆடியதோ?

லிஃப்டாம். முப்பது வருஷமாக இந்த முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேன்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, கல்யாணச் சட்டையில் தொப்பைக்கு இடம் விட என்று ஊரே இந்த வாசலுக்குத்தான் வருகிறது. லிஃப்டில் ஏறி ஆறாவது மாடிக்கு யாரடா ஜிப் மாற்ற வருவான்? வீடு போனால் எனக்குக் கூரை மட்டும் போகவில்லை, வேலை போகிறது. இதை உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு ஒரு கூட்டம் வந்தது. கூட்டிவந்த பையன் மைக்கில் உருகுகிறான். சுவரில் கதைக்காரர் வாசகம் ஒன்று எழுதியிருக்கிறார்கள்: "காலை வெயில் என் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் நான் பேனாவைத் தொடுவேன்." எல்லோரும் நம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். நம் ஜன்னல் மேற்கே பார்த்தது. அதில் காலை வெயில் விழ வேண்டுமானால் சூரியனுக்கு வழி தப்ப வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வழிகாட்டிப் பையனுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஓரத்தில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் பெண் இறங்கி வந்தாள். ஏன் சிரித்தேன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தாள். கிழக்கே பார்த்த வாசல். ஆனால் மேலே மாடி இல்லை, ஆகாயம்தான் இருக்கிறது. விரிசல் விட்டதென்று கலெக்டர் அந்த மாடியை இடித்து எத்தனையோ வருஷமாகிறது. "அப்போ நான் தப்பான சுவர்லயா வரைஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழுவிடம் அவளும் போய்ச் சொல்லியிருக்கிறாள். வரைவது மட்டும் உன் வேலை என்று அனுப்பிவிட்டார்களாம்.

நீ எழுதும் ஒரு பக்கம் போதும். ஜூன் 24 அன்று என் கையில் அது இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


மே 20

தம்பிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை.

நேற்றுக் குழு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் இருவரும் சம்மதிக்காமல் நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்று செயலாளரிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்றார். பிறகு கோப்பைத் திருப்பிக் காட்டினார். உன் சம்மதம், உன் கையெழுத்து, பிப்ரவரி 10. ஒருவர் சம்மதித்துவிட்டதால் மற்றவருடைய ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டுக் குழுவே முடிவெடுக்கலாமாம்.

என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் சொல்லி எழுதினாயே, அந்தக் கடிதத்தை மார்ச் 1 அன்று எழுதியிருக்கிறாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பூசி மெழுகுவாய், அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ நலமா?

அக்கா


ஜூன் 2

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குட்டி நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உங்களுடைய கடைசிக் கடிதத்துக்கு அவர் நாலு தடவை பதில் எழுதினார். நாலையும் கிழித்துப் போட்டார். கிழித்ததை ஒட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் "அன்புள்ள அக்காவுக்கு" என்பதோடு நின்றிருந்தது.

அவர் க்ரேனில் ஏறிப் பல மாதமாகிறது அண்ணி. போன மழைக்காலத்தில் இவர் தூக்கிய பெட்டி சரிந்து கீழே நின்ற ஒருவர் கால் போய்விட்டது. கம்பி அறுந்ததால் வந்த விபத்து, ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. இவர் மனதுக்குத்தான் யாரும் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் ஏணியில் நாலு படி ஏறுவார், கை நடுங்கும், இறங்கிவிடுவார். டிசம்பரில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். குட்டிக்குத் தெரியக் கூடாதென்று காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பையோடு கிளம்புகிறார். எங்கே போய் உட்காருகிறார் என்று நான் கேட்டதில்லை. நான் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடப் போகிறேன். உங்களுக்கு எழுதிய கடிதமெல்லாம் எங்கள் சமையலறை மேஜையில் எழுதியது. எழுத்து ஆடுவது கூண்டால் இல்லை.

குழுக்காரர்கள் பிப்ரவரியில் வந்தார்கள். அக்காவுக்கு லிஃப்ட் உள்ள வீடு, இவருக்குப் பங்குப் பணம் என்று சொன்னார்கள். அக்காவுக்கும் இதில் சந்தோஷம்தான் என்றும் சொன்னார்கள். இவர் அதை நம்பினாரா, நம்புவது வசதியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்களை நேராகக் கேட்டால் வேலை போனதைச் சொல்ல வேண்டி வரும். சின்ன வயதிலிருந்து அவருக்காக நீங்கள் பட்டது போதும், இதையும் உங்கள் தலையில் வைக்க முடியாது என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்ட அன்று சாப்பிடவில்லை.

அவருக்காக மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. செய்தது தப்புதான். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

குட்டி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ பதில் எழுதவில்லை, பரவாயில்லை, வேலை அதிகமாக இருக்கும். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுச் சிரி.

கலெக்டர் வீட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான். இந்தப் பக்கம் நின்று கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும் தெரு. அதைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டேன். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். கதைக்காரர் உங்கள் மாடியில்தான் இருந்தார் என்று குழுவில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன்.

"உன் வீட்டைக் காப்பாத்த என் வீட்டைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?" என்றாள்.

"உங்க வீட்டுல அவர் இருந்த மாடியே இல்லையே. இல்லாத மாடியை எப்படி எடுப்பாங்க?" என்றேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "சாக்கடைத் தண்ணி விஷயத்துல தப்பு உன் பேர்லதான்னு ஒத்துக்கோ. அப்புறம் பேசலாம்" என்றாள்.

தப்பு அவள் பேரில்தான். அவள் வீட்டுக் குழாய்தான் உடைந்தது, ஊருக்கே தெரியும். ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று போய்ப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் கதவைத் திறக்கிறாளா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் என்னிடம் வேறு ஆளில்லை. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்டதெல்லாம் போதும். 24ஆம் தேதிக்குப் பிறகும் இந்த வீடு நம்முடையதாக இருந்தால் மாடி அறை சும்மாதான் கிடக்கும். சாயங்காலம் கொஞ்சம் சூடு, ராத்திரி சரியாகிவிடும். பின்தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வெட்டு மேஜையில் என்னோடு இன்னொரு ஆள் நிற்க இடமும் இருக்கிறது. அளவு பார்த்துத் துணி வெட்டத் தெரிந்தால் போதும். தரையில் நின்று செய்கிற வேலை, ஏணியில் ஏற வேண்டியதில்லை.

குட்டிக்கு என் முத்தம். உன் மனைவியை நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 25

என் தம்பிக்கு,

நேற்று விசாரணை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன்.

காலையில் கலெக்டர் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. தட்டினேன், திறக்கவில்லை. போகிற வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். குழு அலுவலகத்துக்குள் நுழைந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறாள், என்னோடு சேர்ந்து வந்தால் நான் கூட்டி வந்தது போலாகிவிடுமாம். பெயிண்டர் பெண்ணும் கடைசி பெஞ்சில் இருந்தாள்.

கலெக்டர் எழுந்து, "அவரு எங்க மாடியிலதான் இருந்தாரு. ராத்திரி பூரா இருமுவாரு, எங்களுக்குத் தூக்கமே இருக்காது" என்றாள். செயலாளர், இரண்டு அக்கம்பக்கத்துக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது என்றார். நாங்கள் பேசி வைத்துக்கொள்கிற ஆட்களா என்று அவள் கேட்டாள். உறுப்பினர்கள் சிரித்தார்கள். இந்த அம்மாவுடைய தம்பியே சம்மதித்துவிட்டார் என்று செயலாளர் திரும்பவும் கோப்பைப் பிரித்தார். வீடு போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டேன்.

அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான உறுப்பினர் ஒருவர், முந்தின நாள் தம்பியிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்ததே, அதைப் படிக்கவில்லையா என்று கேட்டார். செயலாளருக்கு அதைப் படிக்க இஷ்டமில்லை. படித்தார்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கூடை, கயிறு, தவளை எல்லாம் இருந்தது. காலை வெயில் கண்ணில் அடிக்கிறதென்று சில நாள் ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டச் சொல்வார், பசை தடவியது நான் என்று எழுதியிருந்தாய். அது எனக்கே தெரியாது. எண் மாற்றிய அன்று அப்பாவுக்கு ஏணி பிடித்தேன், ஒன்பதை அழித்துவிட்டுப் பதினான்கு எழுதினார், எதிர்வீட்டுக்காரர் பதினான்கை அழித்துவிட்டு ஒன்பது எழுதினார் என்று எழுதியிருந்தாய். பிப்ரவரியில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்த வீடு என் அக்காவின் வேலையிடம், அவளைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு என்று முடித்திருந்தாய். எழுத்து ரொம்பக் கோணலாக இருந்ததால் செயலாளர் தடுக்கித் தடுக்கித்தான் படித்தார். எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

வீட்டை எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பளிங்குப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கதைக்காரர் எதிர்வீட்டு மாடியில் வாழ்ந்தார், அந்த மாடி இப்போது இல்லை என்று புதுப் பலகை வருமாம். இனி ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பெயிண்டர் பெண் இன்று காலையிலேயே சாரம் கட்டிவிட்டாள். முகத்தை அழிக்கவில்லை, கண்ணை மட்டும் மாற்றி வரைகிறாள். இதுவரை தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், இனி எதிரே தன் மாடி இருந்த இடத்தைப் பார்ப்பார். கலெக்டர் வாசலில் நின்றுகொண்டு, என் வீட்டையே முறைக்கிறாரே என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பங்கை விட்டுவிட்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அது உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

குழுவுக்கு நாலு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு அக்காவுக்கு நாலு வரி எழுதத் தெரியாதா? மே மாதம் கேட்டதையே திரும்பவும் கேட்கிறேன். நீ நலமா?

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நாங்கள் நலமாக இல்லை.

இந்த ஒரு வரியை எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. எனக்கு வேலை இல்லை. ஏணியைப் பார்த்தால் கை நடுங்குகிறது. மீன் கூட்டம் எதையும் நான் பார்க்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். தரையில் நின்று செய்கிற வேலை என்று எழுதியிருந்தாய். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. அன்றைக்கே குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுதத்தான் தைரியம் வரவில்லை.

குட்டியிடம் நேற்றுச் சொன்னேன். யூனிஃபார்ம் போடாத அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்றாள். கதைக்காரர் காதுக்குப் பக்கத்து ஜன்னல் தனக்குத்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீயே பதில் சொல்லிக்கொள்.

மூன்று பேரும் வியாழக்கிழமை ரயிலில் வருகிறோம். மிச்சத்தை எல்லாம் எதிரே உட்கார்ந்து சொல்கிறேன். "ம்" கொட்டமாட்டேன்.

தம்பி